எட்டு ஈட்டி முனைகளோடு தப்பிய மாமூத்: சான் பெட்ரோ பள்ளத்தாக்கில் நான்கு நாள்கள்

முதல் நாள்: டூசான்

அரிசோனாவின் ஃபீனிக்ஸில் குடியேறிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இங்கிருந்து மூன்று மணி நேரம் காரில் போனால், பழங்கால மனிதர்கள் மாமூத்தை (அழிந்துபோன பழைய யானை இனம்) வேட்டையாடினார்கள் என்பதற்கு மிகத் தெளிவான சான்றுகள் கிடைத்த பள்ளத்தாக்கு ஒன்று வந்துவிடும் என்பதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்ட பயணத்தை இந்த மார்ச் மாத விடுப்பில் தொடங்கியிருக்கிறோம். உடன் வருபவர் என் மனைவியின் தம்பி. கட்டடம் எழுப்புமுன் மண்ணைப் பரிசோதித்துச் சொல்லும் பொறியாளர் அவர் என்பதால், எலும்பைவிட எலும்பு கிடந்த மண்ணின் மீதுதான் அவருக்கு அக்கறை. அது எவ்வளவு சரியான அக்கறை என்பது நாளைக்கே எனக்குப் புரியக்கூடும்.

யானையைச் சுற்றி ஈட்டியோடு ஆட்கள் நிற்கும் படத்தைச் சிறு வயதிலேயே பார்த்துவிட்டதால், அதற்குச் சான்று என்ன என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. மாமூத் எலும்புகளுக்குப் பஞ்சமே இல்லை. சைபீரியாவில் தந்தங்கள் ஆற்றங்கரைகளில் வெளிவந்துகொண்டே இருக்கின்றன. உக்ரைனில் மெசிரிச் என்ற இடத்தில் மாமூத் எலும்புகளை அடுக்கி வீடே கட்டியிருக்கிறார்கள். ஆனால் எலும்பைப் பயன்படுத்தியவன்தான் அந்த விலங்கைக் கொன்றான் என்று அதனால் நிறுவிவிட முடியாது. தானாகச் செத்துக் கிடந்த விலங்கின் எலும்பையும் தந்தத்தையும் யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். எலும்புக்குள்ளேயே கல்லாயுதம் குத்தி நிற்பது மிக அரிது. போலந்தின் கிராக்கோவ் நகரில் மாமூத் விலா எலும்பு ஒன்றில் கல்முனைச் சில்லு பதிந்திருந்ததை 2019இல் அறிவித்தபோது அது செய்தியானதற்கு அந்த அருமைதான் காரணம்.

இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்தவை கம்பளி மயிர் போர்த்திய வடதுருவ மாமூத்துகள் அல்ல. கொலம்பிய மாமூத் எனப்படும் தெற்கத்திய இனம். தோள் உயரம் நான்கு மீட்டர் வரை எட்டக்கூடிய அந்த விலங்குக்கு நம் ஆசிய யானை ஆப்பிரிக்க யானையைவிட நெருங்கிய உறவு. கோயில் வாசலில் தும்பிக்கையால் ஆசி வாங்கியே வளர்ந்தவனுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் சங்கடத்தைத் தருகிறது.

இன்று அரிசோனா மாநில அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒரு க்ளோவிஸ் முனையின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நியூ மெக்சிகோவில் உள்ள க்ளோவிஸ் ஊருக்கு அருகே 1930களில் மாமூத் எலும்புகளோடு கிடைத்ததால் இந்த வகை ஈட்டி முனைக்கு அந்தப் பெயர். மாவிலை போல நீண்டு கூர்ந்த கல். இரு பக்கமும் சில்லுச் சில்லாகச் செதுக்கி மெல்லியதாக்கியிருக்கிறார்கள். அடிப்பகுதியில் மட்டும், கைப்பிடியோடு பொருத்துவதற்காக, நடுவில் ஒரே நீள்சில்லைப் பெயர்த்து ஆழமில்லாத ஒரு வாய்க்கால் போல வைத்திருக்கிறார்கள். முனை முழுவதும் கத்தியாக இருக்க, அடிப்பகுதியின் விளிம்பை வேண்டுமென்றே தேய்த்து மழுக்கியிருக்கிறார்கள்; கட்டிய நரம்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த வாய்க்காலைப் பெயர்ப்பதுதான் கடைசிக் கட்டத்துச் சோதனை. அடி கொஞ்சம் பிசகினால், அதுவரை செய்த வேலை இரண்டு துண்டாகிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான்காம் நாள் இது தேவைப்படும்.

மாலையில் தூமமாக் குன்றில் ஏறினோம். ஊர் மக்கள் நடைப்பயிற்சிக்கு வரும் இந்தக் குன்றின் மீதுள்ள பாலைவன ஆய்வுக்கூடத்தில்தான் பால் மார்ட்டின் பணியாற்றினார். வட அமெரிக்காவின் பேருயிர்கள் (மாமூத் போன்ற பெரிய விலங்குகள்) அழிந்ததற்குப் புதிதாக வந்த மனித வேட்டைக்காரர்களே காரணம் என்ற மிகைவேட்டைக் கருத்தை 1960களிலிருந்து வலுவாக முன்வைத்தவர் அவர். கருத்து எளிமையானது, எளிமையாக இருப்பதாலேயே பரவியது. அந்தப் பெரிய முடிவைத் தாங்கும் அளவுக்கு எலும்புகள் கிடைத்திருக்கின்றனவா என்பது வேறு கேள்வி.

இரண்டாம் நாள்: மரே ஸ்பிரிங்ஸ்

டூசானிலிருந்து தென்கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் வந்தால் சியேரா விஸ்டா. மேற்கே வாச்சூக்கா மலைத்தொடர். கிழக்கே, மெக்சிகோவில் பிறந்து வடக்கு நோக்கி ஓடும் சான் பெட்ரோ ஆறு. ஆறு என்றதும் காவிரியை நினைக்க வேண்டாம். கரையோரக் காட்டன்வுட் மரங்களின் வரிசைதான் ஆறு இருப்பதைத் தூரத்திலிருந்து காட்டிக்கொடுக்கிறது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இருந்தது.

மரே ஸ்பிரிங்ஸ் இந்த ஆற்றின் பாதுகாப்புப் பகுதிக்குள் அடங்கியது. வண்டியை நிறுத்திவிட்டு, முட்புதர்களுக்கு நடுவே போகும் சிறு பாதையில் அரை கிலோமீட்டர் நடந்தால், நீர் அறுத்துச் செங்குத்தாக நிற்கும் ஓடைக்கரை வருகிறது. மெஸ்கீட் முள் ஒன்று செருப்பின் அடித்தட்டைத் துளைத்து ஏறிக் குதிகாலில் குத்தியது. நம் ஊர்ச் சீமைக் கருவேலத்துக்கு இது சொந்தக்காரன் என்பதை அந்தக் குத்திலேயே உணர்ந்தேன். ஷூ அணிந்து வந்திருந்த மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

ஆய்வாளர்களான வான்ஸ் ஹேன்ஸும் பீட்டர் மெரிங்கரும் 1966இல் இந்த ஓடைக்கரையில் எலும்புகளைக் கண்டார்கள். அதைத் தொடர்ந்து சில ஆண்டுகள் நடந்த அகழாய்வில், ஒரு பக்கம் எலோயிஸ் என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட மாமூத், இன்னொரு பக்கம் இன்று அழிந்துவிட்ட ஓர் இனத்தைச் சேர்ந்த பதினோரு காட்டெருமைகள், சற்று மேட்டில் வேட்டைக்காரர்கள் தங்கிய இடம் என மூன்றும் ஒரே பழைய தரையில் வெளிப்பட்டன. வேட்டைக்களத்திலும் தங்குமிடத்திலும் கிடைத்த கல்துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின. கொன்ற இடமும் உண்டு உறங்கிய இடமும் ஒரே கூட்டத்துக்கு உரியவை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது கரையின் நடுவே ஓடிய ஒரு கரிய கோடு. மேலே வெளிர் வண்டல், கீழே சாம்பல் நிற மணல், நடுவே சாணி மெழுகிய திண்ணையின் விளிம்பு போல ஒரு கருமை. ஆய்வாளர்கள் இதைக் கரும்பாய் என்று அழைக்கிறார்கள். சுமார் 12,800 ஆண்டுகளுக்கு முன் தட்பவெப்பம் திடீரெனக் குளிர்ந்தபோது நிலத்தடி நீர் மேலேறி, தரை ஈரமாகி, பாசியும் மக்கும் படிந்து உண்டான அடுக்கு. வேட்டை முடிந்து எலும்புகளும் கருவிகளும் சிதறிக் கிடந்த தரையின் மீது அதிக கால இடைவெளியின்றி இது ஒரு பாயைப் போலவே விரிந்து மூடிவிட்டது. அந்தப் பாய்க்குக் கீழே மாமூத், குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் எலும்புகள் இருக்கின்றன, க்ளோவிஸ் முனைகள் இருக்கின்றன. பாய்க்கு மேலே இவற்றில் எதுவும் தன் இடத்தில் கிடைப்பதில்லை.

"அத்தான், எலும்பும் கல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததனால் மட்டும் நான் நம்ப மாட்டேன். வெள்ளம் எதையும் எதோடும் சேர்த்து வைக்கும்" என்றார் மைத்துனர். "ஆனால் மேலே இப்படி ஒரு மூடி இருந்தால், அதற்குப் பிறகு யாரும் உள்ளே கைவைக்கவில்லை என்று அர்த்தம். நான் அறிக்கை எழுதினாலும் அதைத்தான் எழுதுவேன்."

மாமூத் கிடந்த இடத்தைச் சுற்றித் தரையில் வட்டவட்டமான பள்ளங்கள் இருந்தன. அவை மாமூத்தின் காலடித் தடங்கள் என்று ஹேன்ஸ் விளக்கினார். ஒரு குழியை, வறட்சிக் காலத்தில் தண்ணீருக்காக மாமூத்தே தோண்டியதாக அவர் கருதினார். கோடையில் வறண்ட ஆற்று மணலை யானைகள் காலாலும் தும்பிக்கையாலும் தோண்டி ஊற்றெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

அதே தரையில் கிடைத்த இன்னொரு பொருளை நான் படங்களில் மட்டுமே பார்த்திருக்கிறேன்: மாமூத் எலும்பில் செய்த, ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள கருவி. ஒரு முனையில் ஈட்டித் தண்டு நுழையும் அளவுக்கு வட்டத்துளை. வளைந்த தண்டை அதில் செருகி நெம்பி நேராக்குவதற்கானது என்பது பொதுவான கருத்து. ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் பழைய கற்கால மக்களிடம் இதே போன்ற கருவிகள் இருந்தன. ஒரு மாமூத்தின் எலும்பைக் கொண்டு அடுத்த மாமூத்துக்கான ஈட்டியை நிமிர்த்தியிருக்கிறார்கள்.

கரும்பாயை வைத்து 2007இல் இன்னொரு வாதமும் கிளம்பியது. வால்வெள்ளி ஒன்று வெடித்ததால்தான் விலங்குகள் அழிந்தன என்றும், அதன் தடயங்கள் இந்தக் கரும்பாயின் அடியில் இருக்கின்றன என்றும் சிலர் எழுதினார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை; வேட்டை நடந்ததா என்ற என் கேள்விக்கு அது தேவையும் இல்லை என்பதால் தாண்டிச் செல்கிறேன்.

மூன்றாம் நாள்: லேனர் பண்ணை

காலையிலிருந்து மழைத் தூறல். ஹெர்ஃபோர்டுக்கு அருகே, ஆற்றில் வந்து சேரும் ஒரு சிற்றோடையின் கரையில் இருக்கிறது லேனர் களம். தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி இருந்தாலும், போய்ப் பார்ப்பதற்கு அங்கே புல்லும் புதரும் சரிந்த கரையும்தான். மைத்துனர் காரைவிட்டு இறங்கவே இல்லை.

நிலத்தின் உரிமையாளரான எட்வர்ட் லேனர் 1952இல், இரண்டரை மீட்டர் ஆழத்தில் ஓடைக்கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த எலும்புகளைக் கண்டு, டூசான் அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்தார். அதன் இயக்குநராக இருந்த எமில் ஹாரி 1955, 56 ஆண்டுகளில் இங்கே தோண்டியபோது ஒன்பது மாமூத்துகளின் எலும்புகளுக்கு நடுவே பதின்மூன்று க்ளோவிஸ் முனைகளும், தோலுரிக்கவும் இறைச்சி அறுக்கவுமான எட்டுக் கல்கருவிகளும், தீ மூட்டிய இரண்டு அடுப்புகளும் கிடைத்தன. பின்னர் நடந்த அகழாய்வுகளோடு சேர்த்து மாமூத்துகளின் எண்ணிக்கை பதின்மூன்று ஆனது. முனைகளில் சில, ஒளி ஊடுருவும் படிகக்கல்லில் செய்யப்பட்டவை. செதுக்குவதற்கு அதைவிட அடங்காத கல் வேண்டுமென்றால் தேடித்தான் எடுக்க வேண்டும். அழகுக்காக அல்லாமல் வேறு எதற்காக அதைத் தேர்ந்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அடுப்புக்கரியைக் கொண்டு செய்த கதிரியக்கக் கரிமக் கணிப்பு, இன்றைய திருத்தங்களின்படி ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் என்ற காலத்தைத் தருகிறது.

முனை, அறுக்கும் கருவி, அடுப்பு, எலும்பு: நான்கும் ஒரே இடத்தில். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் ஹாரி கண்ட ஒன்பதும் இளம் விலங்குகள். யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பற்கள் மாறி வருவதுபோலவே மாமூத்துக்கும் வந்தன. எந்தப் பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு வயதைச் சொல்லிவிடலாம். இந்த வயதுக் கணக்கை வைத்து, ஒரு குடும்பக் கூட்டத்தையே வளைத்து ஒரே நேரத்தில் கொன்றிருக்கிறார்கள் என்று ஜெஃப்ரி சாண்டர்ஸ் 1970களில் வாதிட்டார்.

கேரி ஹேன்ஸ் (நேற்று எழுதிய வான்ஸ் ஹேன்ஸ் வேறு, இவர் வேறு) அதை வேறு கண்ணால் பார்த்தார். அவர் 1980களில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில், வறட்சியால் யானைகள் செத்து விழுவதை ஆண்டுக்கணக்கில் இருந்து பதிவு செய்தவர். வறட்சியில் யானைகள் வற்றும் நீர்நிலையைவிட்டு அகலாமல் நின்றுகொண்டிருக்கின்றன, முதலில் விழுபவை குட்டிகளும் இளம் யானைகளும்தான், தாய்கள் தாக்குப்பிடித்துவிடுகின்றன. ஆகவே நீர்நிலை ஓரத்தில் இளம் விலங்குகளின் எலும்புகள் குவிந்து கிடப்பதைக் கண்டவுடன் படுகொலை என்று முடிவுகட்ட முடியாது. நலிந்து நின்றவற்றைச் சிலர் ஈட்டியால் முடித்திருக்கலாம். செத்துக் கிடந்தவற்றை அறுத்துத் தின்றிருக்கலாம். ஒரே இடத்தில் பல தடவைகள் நடந்தவை ஒன்றாகத் தெரியலாம். அறுக்கும் கருவியும் அடுப்பும் இந்த எல்லாக் கதைகளுக்கும் சமமாகவே பொருந்தும். லேனரின் வளமே அதன் சிக்கல்.

முனைகளையும் விட்டுவைக்கவில்லை. மெட்டின் எரன், டேவிட் மெல்ட்சர் ஆகியோர் 2021இல் எழுதிய ஆய்வில், தடித்த தோலையும் விலாக்கூட்டையும் தாண்டி உயிர்நிலையை எட்டும் அளவுக்கு க்ளோவிஸ் முனை ஊடுருவுமா என்று ஐயம் எழுப்பி, மாமூத்தோடு கிடைத்த முனைகளில் சில கத்திகளாகவும் பயன்பட்டிருக்கலாம் என்றார்கள். 2024இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் சிலர் ஈட்டி எறியப்பட்டதாக ஏன் கொள்ள வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள்: தண்டின் அடியைத் தரையில் ஊன்றி, சாய்த்துப் பிடித்தால், பாய்ந்து வரும் விலங்கின் எடையே முனையை உள்ளே ஏற்றிவிடும். எனக்கு இந்த இரண்டாவது யோசனை பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

மொத்த வட அமெரிக்காவிலும், ஐயமின்றி மனிதன் கொன்றதாக அல்லது அறுத்ததாகக் கொள்ளத்தக்க பேருயிர்க் களங்கள் சுமார் பதினைந்துதான் என்று டொனால்ட் கிரேசனும் மெல்ட்சரும் சலித்துக் காட்டியிருக்கிறார்கள். முதல் நாள் மாலை தூமமாக் குன்றில் நின்று யோசித்ததற்கு இந்த எண்ணிக்கை போதும்: வேட்டை நடந்தது என்பதை இந்த எலும்புகள் தாங்கும்; ஒரு கண்டத்தையே காலி செய்தார்கள் என்பதைத் தாங்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே சமயம் மாமூத் அவர்களுக்கு எப்போதாவது கிடைத்த விருந்து என்று ஒதுக்கவும் முடியாது. மொன்டானாவில் கிடைத்த, ஏறக்குறைய 12,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட க்ளோவிஸ் முனை செய்த மக்களின் குழந்தை ஒன்றின் எலும்பில் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதத்தை அளந்து, அதன் தாயின் உணவில் சுமார் 40 விழுக்காடு மாமூத் இறைச்சி என்று 2024இல் கணக்கிட்டிருக்கிறார்கள். பாலூட்டிய தாய் உண்டது பிள்ளையின் எலும்பில் எழுதப்பட்டிருக்கிறது.

நான்காம் நாள்: நாக்கோ

ஒரு காலத்தில் செம்புச் சுரங்க ஊராக இருந்த பிஸ்பியைத் தாண்டித் தெற்கே இறங்கினால் நாக்கோ. மெக்சிகோ எல்லைச் சுவர் ஊரின் தெருமுனையிலேயே எழும்பி நிற்கிறது. அந்தப் பக்கத்து ஊருக்கும் இதே பெயர்தான். மாமூத் கிடைத்த கிரீன்புஷ் ஓடையில் இன்று பார்க்கும்படியாக எதுவும் இல்லை. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, வறண்ட ஓடையைப் பார்த்தபடி, பிஸ்பியில் வாங்கிய ரொட்டியைத் தின்றுகொண்டே இதை எழுதுகிறேன். இந்த இடத்துக்காகத்தான் நான் பயணமே வந்தேன் என்றால் மைத்துனர் நம்ப மறுக்கிறார்.

1951இல் உள்ளூர்க்காரர்களான ஃபிரெட் நவரேட்டும் அவர் மகன் மார்க்கும், ஓடைக்கரையில் எலும்போடு கல்முனையையும் கண்டு அருங்காட்சியகத்துக்குச் சொன்னார்கள். 1952 ஏப்ரலில் ஹாரி வந்து தோண்டினார். கிடைத்தது ஒரே ஒரு மாமூத். அதனோடு எட்டு க்ளோவிஸ் முனைகள்: மிகச் சிறியது ஆறு சென்டிமீட்டர் அளவு, மிகப் பெரியது ஏறக்குறைய பன்னிரண்டு. ஒன்று மண்டையோட்டின் அடிப்பகுதிக்கு அருகே. இன்னொன்று தோள்பட்டை எலும்பின் பக்கத்தில். வேறு சில விலா எலும்புகளுக்கும் முதுகெலும்புக்கும் இடையே. அறுக்கும் கருவி ஒன்றுகூட இல்லை. அடுப்பும் இல்லை.

லேனரில் கிடைத்த அறுக்கும் கருவியும் அடுப்பும் இங்கே இல்லை என்பதுதான் நாக்கோவின் சிறப்பு. செத்த விலங்கைக் கண்டெடுத்தவர்கள் கத்தியோடு வருவார்கள், நெருப்பு மூட்டுவார்கள், தின்றுவிட்டுப் போவார்கள். எட்டு ஈட்டி முனைகளைப் பிணத்துக்குள் செருகிவிட்டு ஒரு துண்டு இறைச்சியும் எடுக்காமல் போக மாட்டார்கள். கொன்று வீழ்த்தியவர்களாக இருந்தாலும், வீழ்ந்த இடத்தில் அவர்கள் இருந்திருந்தால், முதல் வேலையாக முனைகளை மீட்டிருப்பார்கள். எட்டும் உள்ளேயே இருக்கின்றன என்றால், குத்துப்பட்ட மாமூத் அவர்கள் கைக்கு எட்டாமல் ஓடி, இந்த ஓடையோரத்துக்கு வந்து தனியாகச் செத்திருக்க வேண்டும். ஹாரி காலத்திலிருந்தே சொல்லப்படும் விளக்கம்தான் இது. மரே ஸ்பிரிங்ஸுக்கு அருகே 1966இல் எஸ்கபூல் என்ற இடத்தில் கிடைத்த மாமூத்தும் இதே வகை: இரண்டு முனைகள், அறுத்ததற்கு அடையாளம் இல்லை.

மறுப்பும் உண்டு. நாக்கோ மாமூத்தின் உடலில் ஒரு பகுதியை ஓடை அரித்துக்கொண்டு போய்விட்டது. அறுத்த தடயம் அந்தப் பகுதியோடு போயிருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் என்னால் இல்லை என்று அடித்துப் பேச முடியாது. ஆனாலும் விலாவுக்கு இடையில் இருந்த முனைகளை எடுக்காமல் போனதற்கு அந்த மறுப்பில் பதில் இல்லை. வெற்றி பெற்ற வேட்டையைப் பிணம் தின்றதாகவும் வாசிக்க முடிகிறது. தோற்ற வேட்டையை வேட்டையாக மட்டும்தான் வாசிக்க முடிகிறது. நான் பார்த்த மூன்று களங்களில் என் ஐயத்தை முழுதாகத் தீர்த்தது, பார்க்க எதுவுமே இல்லாத இந்த ஓடைதான்.

"எட்டு பேர் குத்தியிருப்பார்களா, ஒருவரே எட்டு முறையா?" என்று கேட்டார் மைத்துனர், ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டபடி.

முனைகளின் அளவு வேறுபாட்டைப் பார்த்தால் பலருடையதாகத்தான் தோன்றுகிறது என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஓடையின் இரு கரைகளையும் மாறிமாறிப் பார்த்தார். "காயம்பட்டது எந்தப் பக்கம் போயிற்று என்று தேடியிருப்பார்கள், அத்தான். நானாக இருந்தால் இரண்டு நாளாவது தேடியிருப்பேன்."

தேடியிருப்பார்கள். ரத்தத் தடமும் காலடியும் இந்த மணலில் எங்கோ ஓரிடத்தில் தவறியிருக்கும். பிறகு முகாமுக்குத் திரும்பி, வெறும் தண்டுகளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, எட்டு முனைகளுக்கு வேண்டிய கல்லைத் தேடி எடுத்து, செதுக்கி, கடைசியில் அந்த வாய்க்காலுக்கான அடியை மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்திருப்பார்கள். அதில் சிலவாவது இரண்டு துண்டாகியிருக்கும்.